விசில் ஊதும்வரை பேசக் கூடாது

என் மகன் வேலை பார்க்கும் ஒசாகாவில் நார்த்தங்காய் ஊறுகாய் கிடைப்பதில்லை. அந்த ஒரு குறையைத் தீர்ப்பதற்காக, ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் முதன்முறையாக விமானம் ஏறினேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. ஊறுகாயைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. இலக்கிய உலகில் எனக்கு இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

ஜப்பானைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கப்போய், மகன் குடியிருக்கும் பகுதியின் சமூகக் கூடம் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டேன். எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள், நானும் கழற்றினேன். ஒரு பெண்மணி துண்டுச்சீட்டையும் பென்சிலையும் இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையாலும் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல நம் வளர்ப்பில் இடமில்லை, வாங்கிக்கொண்டேன். அது ஹைக்கூ கூட்டம்.

பக்கத்திலிருந்தவர் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் முறையைச் சொன்னார். ஆளுக்கு ஒரு கவிதை, பெயர் போடக் கூடாது. சீட்டுகளைக் கலைத்து, வேறொருவர் எல்லாவற்றையும் தன் கையெழுத்தில் மறுபடி எழுதுவார். யாருடையது என்று தெரியாமலே பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கவிதை தேர்வானதும், எழுதியவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி ஒரே ஒரு சொல். நான் என் ஈரக்குடையைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். ஒரு ஓட்டு விழுந்தது. சீட்டு நீட்டிய அம்மையார் போட்டது. கருணையாலோ, மழையில் திரும்பப்போகிறவன் என்ற இரக்கத்தாலோ இருக்கும்.

அன்று ராத்திரி 'ஜப்பானியக் கவிஞர்களோடு ஒரு மாலை' என்று பேஸ்புக்கில் எழுதினேன். அதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மொத்தமாகப் படித்தால்தான் பொய்.

சென்னை திரும்பிய வாரமே செலின் போன் செய்தாள். என் மனைவியோடு கல்லூரியில் படித்தவள், காரைக்கால் தலத்தெருவில் குடும்பம். கணவரின் பேட்டரிக் கடைக்கு மேலே ஓர் அறையில், விடுமுறை நாட்களில் குழந்தைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறாள்.

"அண்ணே, பேஸ்புக்குல பாத்தேன். புள்ளைங்களுக்கு லீவுதான். ரெண்டு நாள் வந்து ஹைக்கூ சொல்லிக் குடுங்க."

"எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது செலின்."

"உங்க அடக்கம் இருக்கே!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் போவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

காரைக்காலுக்குப் போவதும் ஒருவகையில் வெளிநாட்டுப் பயணம்தான். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள் என்பதோடு சரி. பூவத்தில் எல்லை தாண்டியதும் போலீஸ்காரரின் தொப்பி சிவப்பாகிவிடுகிறது, கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒரே தொழிலைப் பேசத் தொடங்குகின்றன. எங்கள் பஸ்ஸின் டயர் சரியாக அந்த இடத்தில் பஞ்சரானது. ஓட்டுநர் இது தற்செயல் என்று சத்தியம் செய்தார். டயர் மாட்டி முடித்த பிறகும் வண்டியில் பாதி ஆண்களைக் காணோம். கண்டக்டர் விசிலை ஊதினார், ஊதினார், கன்னம் உப்ப ஊதினார். ஒருவரும் திரும்பவில்லை. ஒசாகாவில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தியதற்கு ஒலிபெருக்கியில் ஒரு குரல் நொந்துகொண்டதைக் கேட்டவன் நான். பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொன்னேன்.

"ரெண்டு நிமிசத்துல என்னா சார் வாங்க முடியும்?" என்றார் அவர்.

பஸ் நிலையத்துக்குச் செலினின் கணவர் அந்தோணி ஸ்கூட்டரில் வந்திருந்தார். வழியில் ஒரு லாரி பேட்டரியையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னால் இடமில்லாததால் அது என் மடிக்கு வந்தது. ஜப்பானியக் கவிஞர்களோடு ஒரு மாலையைக் கழித்தவன், ஆசிட் தளும்பும் என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலத்தெருவுக்குள் நுழைந்தேன். இரவுச் சாப்பாடு கொடுவா மீன் குழம்பு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அந்தோணியின் தாத்தா, தொப்பியும் மீசையுமாகச் சுவரிலிருந்து நான் முள் எடுக்கும் அழகைக் கண்காணித்தார். ஒசாகாவில் பச்சை மீனை முகம் சுளிக்காமல் விழுங்கியதற்கு இது பரிகாரம் என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை சோறு வாங்கினேன்.

மறுநாள் காலை வகுப்பு. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். செர்ரி மலர், பனிப்பொழிவு, சிவந்த இலைகள் என்று போனில் படங்கள் வைத்திருந்தேன். ஹைக்கூவில் பருவகாலத்தைக் காட்டும் ஒரு சொல் இருப்பது வழக்கம் என்று ஆரம்பித்தேன்.

"பனின்னா ஃப்ரிட்ஜுல மேல் தட்டுல இருக்குமே, அதுவா சார்?" என்றான் ரூபன். எதையும் தின்பண்டத்தோடு சேர்த்தே யோசிக்கும் பையன்.

"இலையுதிர் காலம் எப்ப சார் வரும்?" இது தமிழினி, மண்டபத்தூர் மீனவக் குடும்பத்துப் பெண்.

"செப்டம்பர், அக்டோபர்..."

"எங்க வீட்டு வாசல்ல தெனமும்தான் சார் உதிருது. அம்மா தெனமும்தான் கூட்டுது."

படங்களை மூடிவைத்தேன். தமிழினி விடவில்லை. "அப்ப தடைக்காலம்னு போடலாமா சார்?" மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிறுத்திவைக்கப்படும் கோடை மாதங்கள் அவை. அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். போடலாம் என்றேன். ஜப்பானில் யாரைக் கேட்டு அனுமதி வாங்குவது?

ஜன்னலோரம் ஒரு சிறுமி இருந்தாள், பெயர் நஸ்ரின். வாய் திறக்கவில்லை. எல்லோரையும் பென்சில் சீவிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் அவள் இன்னும் சீவிக்கொண்டிருந்தாள். பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

"ஏம்மா இவ்வளவு?"

"போதும்னு நீங்க சொல்லலையே சார்."

நான் சிரித்தேன். யோசித்திருக்க வேண்டும்.

மதியத்துக்குள் என் சரக்கு தீர்ந்துவிட்டது. கையில் சரக்கில்லாத எல்லா ஆசிரியர்களையும்போல, "நாளைக்கு வெளியே போகலாம். ஜப்பானில் கவிதை எழுத உலாவப் போவார்கள்" என்றேன். கடலுக்கு என்று குழந்தைகள் கத்தினார்கள். செலினின் முகம் சுருங்கியது. பிள்ளைகள் போன பிறகு சொன்னாள்:

"மூணு வருஷமா கெஞ்சிக் கெஞ்சிச் சேத்த கூட்டம்ண்ணே இது. ஒரு புள்ள முட்டியச் சிராய்ச்சுக்கிட்டாக்கூட மறு வாரம் பாதிப் பேரு வராது. நஸ்ரினோட உம்மா ஜெமீலாக்கா, பள்ளிக்கூடத்த விட்டா இங்கதான் அவள விடுறாங்க. அவங்க நிறுத்துனா அந்தத் தெருவே நிறுத்திரும். நானும் கடைய மூடிக்க வேண்டியதுதான்."

"கடைன்னா, பேட்டரிக் கடையா?"

"அது ஏண்ணே மூடுது? அது நல்லாத்தான் ஓடுது."

சாயங்காலம் அவளோடு ஜெமீலா வீட்டுக்குப் போனேன். கணவர் குவைத்தில். ஒரே பெண். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. முடிவு வரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "சாரு ஜப்பான்லாம் போய்ட்டு வந்தவங்க. உங்கள நம்பி விடுறேன். தண்ணிக்கிட்ட மட்டும் விட்டுறாதீங்க" என்றார். ஊறுகாய்க்காகப் போனேன் என்று சொல்ல அது நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மினிவேனில் மண்டபத்தூர். தமிழினியின் சொந்தக் கரை, ஆகவே நடை ஒரு மாதிரியாக இருந்தது. பைபர் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. சற்றுத் தள்ளி நான்கைந்து பேர் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் பெரிய கடையாகப் பார்த்து ஒரு விசில் வாங்கியிருந்தேன். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி விதிகளைச் சொன்னேன்.

படகு வரிசையைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. ஆளுக்கு ஓர் இடம். ஒரே ஒரு பொருளை மட்டும் பார்க்க வேண்டும். நான் விசில் ஊதும்வரை பேசக் கூடாது. அதோடு விட்டிருக்கலாம். "நடுவுல யாராவது கூப்பிட்டு ஏமாத்துவாங்க. நானே கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. விசில்தான் கணக்கு" என்றும் சேர்த்தேன். ஜப்பானில் யாரும் இப்படி ஒரு விதி சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது.

குழந்தைகள் கலைந்தார்கள். அப்படியோர் அமைதியை நான் அந்த வயதுக்காரர்களிடம் பார்த்ததே இல்லை. காற்றும் அலையும் மட்டும். செலின் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நானும் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாடாக்காரரின் சைக்கிள் வந்தது. வாடா என்பது இந்தப் பக்கத்துச் சாயங்காலம். அரிசிமாவுத் தட்டையின் நடுவில் முழு இறால் ஒன்றைப் பதித்துப் பொரிப்பார்கள், வதக்கிய வெங்காயத்தோடு தருவார்கள். வாசனைக்கு விசில் தேவையில்லை. ரூபன் முதலில் ஓடி வந்தான், பின்னால் கூட்டமே வந்தது. விதியை நினைவூட்டியிருக்க வேண்டிய நான் வரிசையில் இரண்டாவதாக நின்றேன்.

செலின் ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் காகிதத்தில் ஒரு வாடா மிச்சம் இருந்தது.

"எனக்குக் குடுங்க டீச்சர்" என்றான் ரூபன்.

செலின் கொடுக்கவில்லை. அந்த வாடாவையே பார்த்தாள். பிறகு குழந்தைகளைப் பார்த்தாள். "நஸ்ரின் எங்க?"

"நஸ்ரின்!" என்று கூப்பிட்டாள். நான் கூப்பிட்டேன். குழந்தைகள் சேர்ந்து கூப்பிட்டார்கள். படகுகளுக்கு நடுவே ஓடிப் பார்த்தோம், வலைக்குவியல்களின் பின்னால் பார்த்தோம். எல்லோர் முகமும் தானாகக் கடல் பக்கம் திரும்பிவிட்டது. அதன்பின் கடலைப் பார்த்துத்தான் கத்தினோம்.

வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்தக் கரையில் ஒரு குழந்தையின் பெயரை அப்படிக் கூப்பிட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை போலிருக்கிறது. ஒருவர் மட்டும், "எந்தப் புள்ள? என்னா சட்டை போட்டிருந்துச்சு?" என்றார். மஞ்சள் சுடிதார் என்றாள் செலின். அவர்கள் தண்ணீர் விளிம்பை நோக்கி விலகி விலகி நடந்தார்கள், பேசாமல், அலைக்கு அப்பால் பார்த்துக்கொண்டே. அவர்கள் ஓடியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

செலினின் போன் அடித்தது. ஜெமீலா. செலின் அதைப் பாம்பைப்போல என் கையில் போட்டாள்.

"சார், புள்ள சாப்புட்டாளா? என்னா பண்றா?"

"கவிதை எழுதிக்கிட்டு இருக்காம்மா" என்றேன்.

"தொந்தரவு பண்ணல" என்று வைத்துவிட்டார்.

வேன் ஓட்டுநர் ரோட்டுப் பக்கம் ஓடினார். செலின் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் அந்த வாடா அப்படியே இருந்தது. நான் தொண்டை வரளக் கத்திக்கொண்டிருந்தபோது தமிழினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சார். சார்! நீங்க விசிலே ஊதலையே!"

ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சட்டைப்பையில் கைவிட்டேன். மூக்குக் கண்ணாடி உறை வந்தது, பேனா வந்தது, விசில் அடியில் இருந்தது. வாயில் எச்சில் இல்லாததால் முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை ஊதினேன். பூவத்துக் கண்டக்டர் தோற்றுப்போகும்படி ஊதினேன்.

எனக்குப் பத்தடி பின்னால், மணல்மேட்டோரம் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கட்டை முட்டுக் கொடுத்துத் தூக்கியிருந்த அந்த இடுக்கிலிருந்து முதலில் ஒரு கை வந்தது, கையில் சீட்டு. பிறகு கன்னத்தில் மணல் ஒட்டிய நஸ்ரின் வந்தாள்.

"முடிஞ்சிருச்சா சார்?"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். செலின் அவளை இழுத்து அணைத்தாள், முதுகில் ஓர் அடி வைத்தாள், மறுபடி அணைத்தாள், பிறகு ஆறிப்போன வாடாவைக் கையில் கொடுத்தாள். எல்லாம் ஒரே மூச்சில்.

"கூப்புட்டது காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு டீச்சர். சார்தான் ஏமாத்துவாங்கன்னு சொன்னாங்க."

தண்ணீர் விளிம்பிலிருந்து திரும்பி வந்தவர்களில் மூத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாரு எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"அதான். விசில பையில வச்சிக்கிட்டு வாயால கத்துறாரு" என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அத்தனை பேர் முன்னால் முட்டாளாக நிற்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து பேட்டரிக் கடை மாடியில் ஒசாகா முறைப்படி கூட்டம். வழியிலேயே செலின் சொல்லிவிட்டாள்: "ஜெமீலாக்காகிட்ட நாளைக்கு நானே பதமாச் சொல்லிக்கிறேன்." ஆனால் ஜெமீலா மகளை அழைத்துப்போக முன்கூட்டியே வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சீட்டுகளைக் கலைத்துச் செலினிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு சீட்டில் நின்றாள். என்னிடம் நீட்டினாள். படித்தேன்.

"இதக் கடைசியில வச்சுக்கலாம். நேரம் இல்லாமக்கூடப் போகலாம்" என்று கிசுகிசுத்தேன்.

செலின் கடைசி நாற்காலியைப் பார்த்தாள். "எழுதிக் குடுத்த புள்ளைக்கு என்னண்ணே பதில் சொல்றது?" என்றாள். எழுதத் தொடங்கினாள்.

ஓட்டுக்குச் சீட்டு இல்லை, கரையில் பொறுக்கிய சிப்பிகள். பிடித்த கவிதைத் தாளின்மேல் வைக்க வேண்டும். முதலில் என்னுடையதைப் படித்தாள்.

*அலையே
நீ எழுதுவதை
நீயே அழிக்கிறாய்.*

"இது வாட்ஸப்புல வந்ததா டீச்சர்?" என்றாள் தமிழினி. ஒரு சிப்பியும் விழவில்லை. ஒசாகா அம்மையாரை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது:

*தடைக்காலம்
அப்பாவின் சட்டையில்
சோப்பு வாசனை.*

சிப்பிகள் விழுந்தன. "தமிழினி!" என்று எழுதியவள் எழுந்து நின்று கத்தினாள். நான் முதல்நாள் மூடிவைத்த ஜப்பானியப் படங்களில் இந்த வாசனை எதிலும் இல்லை.

'கம்பியில் காக்கா' ஒன்று வந்தது, 'வாடாவில் இறால்' ஒன்று வந்தது. இரண்டாவது யாருடையது என்று கண்டுபிடிக்கக் கூட்டமே தேவைப்படவில்லை. பிறகு செலின் தொண்டையைச் செருமினாள்.

*எல்லோரும் கடலைப் பார்த்து
என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்
நண்டும் நானும் பேசவில்லை.*

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரூபன்தான் முதலில் எழுந்து வந்து சிப்பியை வைத்தான். பின்னாலேயே மற்றவர்கள். கையிலிருந்த கடைசிச் சிப்பியை நானும் வைத்தேன். தாள் மூடிப்போயிற்று.

"எழுதுனவங்க பேரச் சொல்லலாம்" என்றாள் செலின்.

"நஸ்ரின்!"

அந்தப் பெயரை ஒரு சாயங்காலம் முழுக்கக் கடலிடம் கத்தியிருந்தோம். பதில் இப்போதுதான் வந்தது, அதுவும் கணீரென்று.

கடைசி நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எதுக்குக் கூப்புட்டாங்க எம்புள்ள பேர?" என்றார் ஜெமீலா.

செலின் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பதமாக்கவில்லை. தண்ணீர் விளிம்பில் ஆட்கள் நடந்ததைச் சொன்னாள். போனில் நான் சொன்னதையும் சொன்னாள். ஜெமீலா மகளைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தில் மிச்சமிருந்த மணலைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார், மணல் போன பிறகும். செலின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷம் அந்தத் தரையில்தான் கிடந்தது.

"போன்ல பொய் சொன்னீங்களா சார்?"

"பொய்னு நெனச்சுத்தாம்மா சொன்னேன்."

அவர் சிப்பிகளை விலக்கி அந்தத் தாளை எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை உதடு அசையப் படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இவ வாப்பாக்குப் படம் எடுத்து அனுப்பணும்" என்றார், யாரிடமும் இல்லாமல். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த விசில் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

"வீட்டுல தொண்ட கிழியக் கூப்புட்டாலும் வர மாட்டா. இது எங்கிட்ட இருக்கட்டும். அடுத்த வாரம் எங்க கூட்டிட்டுப் போறீங்க செலின்? நானும் வர்றேன்."

செலின் தலையைப் பலமாக ஆட்டினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ ஒழுங்குபடுத்தினாள்.

குழந்தைகள் கலைந்தார்கள். எல்லோரும் போன பிறகு, ஊர் திரும்பப் பையை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கினேன். கீழே அந்தோணி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். பின் சீட்டில் இன்னொரு பேட்டரி. எனக்கு அது பூங்கொத்துபோலத் தெரிந்தது. மடியில் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தபோது, தெருமுனையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. பழக்கமில்லாதவர் ஊதுவது, பாதி காற்று.

அது நிற்பதற்குள் நஸ்ரினின் குரல் வந்தது. "இந்தா வந்துட்டேன் உம்மா!"